இயக்க நரம்பணு நோய்: மூளைப் படங்கள் காட்டியதும் காட்டாததும்

சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் மறுக்கும். சிலருக்கு நடக்கும்போது பாதம் தொங்கும். இன்னும் சிலருக்கு வலி எதுவுமில்லாமல் பேச்சு குழறத் தொடங்கும். முதலில் எலும்பு மருத்துவர், பிறகு கழுத்து எலும்புத் தேய்மானத்துக்கான மாத்திரை, பிசியோதெரபி என்று மாதங்கள் கழியும். நரம்பியல் மருத்துவரிடம் வந்து சேரும்போது நோயாளியின் கையில் எம்.ஆர்.ஐ. படங்கள் அடங்கிய பெரிய உறை ஒன்று இருக்கும். அதிலுள்ள அறிக்கையின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான்: மூளையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. சில வாரங்களில் அதே நபருக்கு இயக்க நரம்பணு நோய் என்று உறுதியாகிறது. மூளையின் செல்கள் மடியும் நோய் ஒன்று, மூளையைப் படம் எடுத்த பிறகும் எப்படிக் கண்ணில் படாமல் போகிறது? முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் பல ஆய்வுக்கூடங்கள் இந்தக் கேள்வியோடு மல்லாடி வருகின்றன. அவை கண்டறிந்தவை வியக்கத்தக்கவை. ஆனால் அவற்றில் நோயாளியின் படுக்கை வரை வந்து சேர்ந்தவை மிகக் குறைவு.

நம் உடலின் விருப்ப அசைவுகளை இரண்டு அடுக்கு நரம்பணுக்கள் நடத்துகின்றன. மேல் அடுக்கு பெருமூளைப் புறணியில், மையப் பள்ளத்துக்கு முன்னால் உள்ள மடிப்பில் இருக்கிறது. இதை இயக்கப் புறணி என்கிறோம். அங்கிருந்து புறப்படும் நீண்ட இழைகள் மூளைத்தண்டு வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்குகின்றன. கீழ் அடுக்கு மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் உள்ளது. அதன் இழைகள் தசையைத் தொடுகின்றன. கீழ் அடுக்கு கெட்டால் தசை சூம்பும், துடிக்கும். மேல் அடுக்கு கெட்டால் கைகால் விறைக்கும், முழங்காலைத் தட்டினால் அளவுக்கு மீறி உதைக்கும். இரண்டும் சேர்ந்து கெடும் வகையே ஏ.எல்.எஸ். (அமியோட்ரோபிக் லேட்டரல் ஸ்கிளிரோசிஸ்); இயக்க நரம்பணு நோய்களில் மிகுதியாகக் காணப்படுவதும் அதுதான். ஐரோப்பிய மக்களிடையே ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ இருவருக்கு இது புதிதாக வருகிறது. அறிகுறி தொடங்கிய இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்குள் பெரும்பாலோர் மூச்சுத் தசைகள் தளர்ந்து இறந்துவிடுகிறார்கள். 1963இல் நோய் கண்டறியப்பட்டு 2018 வரை வாழ்ந்த ஸ்டீபன் ஹாக்கிங் மிக அரிய விதிவிலக்கு. அவரைக் காட்டி நோயாளிகளுக்கு நம்பிக்கை ஊட்டுவது நல்லெண்ணத்தால் செய்யப்படுவதுதான், ஆனாலும் அது அவர்களைத் தவறான எதிர்பார்ப்பில் விட்டுவிடுகிறது.

பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்ட்டின் ஷார்கோ 1869 முதல் இந்த நோயைப் பிரேதப் பரிசோதனையோடு பொருத்தி விவரித்தார். 1874இல் அதற்கு ஏ.எல்.எஸ். என்ற இன்றைய பெயர் கிடைத்தது. அதே 1874இல் கீவ் நகரில் விளாடிமிர் பெட்ஸ், இயக்கப் புறணியின் ஐந்தாம் அடுக்கில் உள்ள மாபெரும் பிரமிடு செல்களை விவரித்தார். இந்த நோயில் மடியும் செல்களில் அவையும் அடங்கும். கீழ் அடுக்கின் சேதத்தை அளக்க இன்று இ.எம்.ஜி. இருக்கிறது, ஊசி முனையில் தசையின் மின்துடிப்பைப் பதிந்து, கண்ணுக்குத் தெரியாத சேதத்தையும் காட்டிவிடும். மேல் அடுக்குக்கோ ஷார்கோ காலத்தைப் போலவே மருத்துவரின் விரல்களும் சிறு சுத்தியலும்தான் கதி. போதாக்குறைக்கு, தசை முழுவதும் சூம்பிவிட்டால் விறைப்பும் அனிச்சை உதைப்பும் மறைந்துவிடுகின்றன. மேல் அடுக்கு கெட்டிருப்பது தெரியாமலே போகும். 1994இல் வெளியான எல் எஸ்கோரியல் வரையறை தொடங்கி 2019இல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் வகுக்கப்பட்ட வரையறை வரை, மேல் அடுக்கின் சேதம் மருத்துவரின் நேரடிப் பரிசோதனையால்தான் முடிவாகிறது. மூளைப் படத்துக்கு அங்கே தரப்பட்ட வேலை, வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்வது மட்டுமே. மூளைப் பட ஆய்வுகள் அனைத்தும் இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிதான்.

வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்திலேயே சில தடயங்கள் உண்டு. புறணியிலிருந்து இறங்கும் இழைப்பாதை சில நோயாளிகளில் வெளிறிப் பளிச்சென்று தெரியும் என்பது 1980களின் இறுதியிலேயே கவனிக்கப்பட்டது. ஆனால் அதே பளிச்சிடல் நலமானவர்களிடமும் தென்பட்டதால் அதன் மதிப்பு குறைந்தது. அதைவிடச் சுவையானது, 1993இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிய கருமை. இயக்கப் புறணியின் ஓரமாக ஒரு மெல்லிய கருங்கோடு ஓடும். அது என்ன என்று விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. இறந்த நோயாளிகளின் மூளையை 7 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் படம் எடுத்து, பிறகு அதே திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து 2012இல் வெளியிட்ட ஆய்வு விடை சொன்னது. புறணியின் ஆழ் அடுக்குகளில், மைக்ரோகிளியா என்னும் மூளையின் காவல் செல்களுக்குள் இரும்பு சேர்ந்திருக்கிறது. இரும்புக்கு உணர்வுமிக்க படங்களில் அதுவே கருங்கோடாகத் தெரிகிறது. இயக்கப் புறணியில் ஒவ்வோர் உடற்பகுதிக்கும் தனி இடம் உண்டு: கால் உச்சியில், கை நடுவில், முகமும் நாக்கும் கீழே. பேச்சில் நோய் தொடங்கியவருக்குக் கருமை கீழ்ப்பகுதியிலும், கையில் தொடங்கியவருக்கு நடுவிலும் கூடுதலாக இருப்பதைப் பல குழுக்கள் கண்டுள்ளன. எல்லா மாற்றங்களிலும் ஒரு தனிமனிதரின் படத்தில் கண்ணாலேயே பார்த்து ஓரளவு நம்ப வாய்ப்புள்ளது இது ஒன்றுதான் என்பதால், நடைமுறைக்கு மிக நெருங்கியதாக நான் இதையே கருதுகிறேன். தடை இல்லாமல் இல்லை. வயது ஏற ஏற நலமானவர்களின் இயக்கப் புறணியிலும் இரும்பு சேரும். நோயாளிகளில் கணிசமானோரிடம் கோடு தெரிவதுமில்லை.

அடுத்தது புறணியின் தடிமன். பெருமூளைப் புறணி முழுவதுமே 2 முதல் 4 மில்லிமீட்டருக்குள்தான். கணினி நிரல்கள் அதன் உள் எல்லையையும் வெளி எல்லையையும் வரைந்து இடைவெளியை அளக்கின்றன. நெதர்லாந்தின் உத்ரெக்ட், அயர்லாந்தின் டப்ளின் போன்ற நகரங்களின் குழுக்கள் இம்முறையில் காட்டியது தெளிவானது: ஏ.எல்.எஸ். நோயாளிகளின் இயக்கப் புறணி மெலிந்திருக்கிறது, மெலிவின் இடம் நோய் தொடங்கிய உடற்பகுதியோடு பொருந்துகிறது. மேல் அடுக்கு மட்டுமே கெடும் வகையில் மெலிவு மிகுதி. கீழ் அடுக்கு மட்டும் கெடும் வகையில் குறைவு. ஆனால் இங்கே பேசப்படும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவில் உள்ளது. படத்தின் ஒரு புள்ளியோ வழக்கமாக 1 மில்லிமீட்டர் அகலம். ஐம்பது பேரின் சராசரியை இன்னோர் ஐம்பது பேரின் சராசரியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் துலங்கும். ஒருவரின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இது நோயால் மெலிந்ததா, பிறவியிலேயே இவருக்கு இவ்வளவுதானா என்று யாராலும் சொல்ல முடியாது. குழுவுக்கு உண்மையாக இருப்பது தனிமனிதருக்குப் பயன்படாமல் போகும் இந்த இக்கட்டு, இத்துறை முழுவதையும் தொடர்கிறது.

இழைகளைப் படமாக்கும் டி.டி.ஐ. முறையில்தான் மிக அதிகமான ஆய்வுகள் நடந்துள்ளன. நரம்பிழையின் வழியே நீர் மூலக்கூறுகள் எளிதாகப் பரவும், குறுக்கே எளிதில் பரவாது. இழை சிதைந்தால் இந்தத் திசைச் சார்பு குறையும்; அதை ஓர் எண்ணாக அளக்கலாம். 1999இல் லண்டன் ஆய்வாளர்கள் ஏ.எல்.எஸ். நோயாளிகளின் இழைப்பாதையில் அந்த எண் குறைந்திருப்பதைக் காட்டினர். 2010இல் ஆக்ஸ்போர்ட் குழு ஒரு படி மேலே போய், இரு அரைக்கோளங்களின் இயக்கப் பகுதிகளை இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தின் நடுப்பகுதியும் ஏறக்குறைய எல்லா நோயாளிகளிலும் கெட்டிருப்பதைச் சொன்னது. தண்டுவடத்துக்கு இறங்கவே இறங்காத இழைகள் அவை. நோய் தசையிலிருந்து மேலே ஏறி வருவதாக மட்டும் நினைத்தால் இதற்கு விளக்கம் கிடைக்காது. 2016இல் ஜெர்மனியின் உல்ம் நகரக் குழு எட்டு மையங்களின் 442 படத் தொகுப்புகளை ஒன்றாக ஆராய்ந்தபோதும், வெவ்வேறு இயந்திரங்கள், வெவ்வேறு அமைப்புகள் என்ற குழப்பத்தையும் தாண்டி அதே இழைப்பாதைச் சேதம் நிலைத்து நின்றது.

அறிவியலின் கணக்கில் இது வெற்றி. மருத்துவரின் கணக்கு வேறு. 2013இல் பல ஆய்வுகளின் தனிநபர்த் தரவுகளைத் திரட்டிச் செய்த பகுப்பாய்வில், நோயாளியை நோயாளி என்று டி.டி.ஐ. சரியாக இனங்கண்டது ஏறத்தாழ 68 விழுக்காடு. நலமானவரை நலமானவர் என்று சொன்னது 73 விழுக்காடு. நூறு நோயாளிகளில் முப்பதுக்கு மேற்பட்டோரைத் தவறவிடும் ஒரு சோதனையை எந்த மருத்துவர் நம்புவார்? இதைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது ஒப்பீட்டின் அமைப்பு. ஆய்வுகள் பெரும்பாலும் நோயாளிகளை நலமான தன்னார்வலர்களோடு ஒப்பிடுகின்றன. நலமான ஒருவரை நோயாளியிடமிருந்து பிரித்தறிய மருத்துவருக்குக் காந்தம் தேவையில்லை. அவருக்குத் தேவைப்படுவது, கழுத்தில் தண்டுவடம் நசுங்கியவரையும் வேறு நரம்பு நோய் உள்ளவரையும் ஏ.எல்.எஸ். நோயாளியிடமிருந்து தொடக்கத்திலேயே பிரித்துக்காட்டும் கருவி. அப்படி, ஐயத்தோடு வரும் நோயாளிகளையே வரிசையாகச் சேர்த்து, பின்னால் நோய் உறுதியாகும்வரை காத்திருந்து சோதித்த ஆய்வுகள் மிகச் சில. இந்தக் குறையைச் சரிசெய்யாமல் புதிய கணினி முறைகளை அடுக்கிக்கொண்டே போவதில் பயன் இல்லை.

நோய் பரவும் வழியைப் படம்பிடிக்கும் முயற்சி இன்னும் ஆழமானது. ஏ.எல்.எஸ். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரின் செல்களில் திரண்டிருக்கும் புரதம் டி.டி.பி.-43 என்பது 2006இல் தெரிந்தது. 2013இல் உல்ம் குழுவும் அமெரிக்கக் கூட்டாளிகளும் இறந்தவர்களின் மூளைகளில் அந்தத் திரள்கள் எங்கெங்கே உள்ளன என்று பார்த்து நான்கு கட்டங்களாக வகுத்தனர்: முதலில் இயக்கப் புறணியும் கீழ் அடுக்கு நரம்பணுக்களும், இறுதியில் நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸ் வரை. அடுத்த ஆண்டே அதே ஊரின் பட ஆய்வாளர்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் இழைப்பாதையைத் தேர்ந்து, உயிரோடுள்ள நோயாளிகளை டி.டி.ஐ. மூலம் கட்டங்களாகப் பிரித்துக் காட்டினர். என் பார்வையில் இத்துறையின் மிக அழகான ஆய்வுகளில் ஒன்று இது. ஆனால் இங்கே புரதம் படத்தில் தெரிவதில்லை. புயல் கடந்த பிறகு சாய்ந்து கிடக்கும் தென்னைகளைப் பார்த்துப் புயல் வந்த வழியைச் சொல்வது போன்ற ஊகம்தான் இது. டி.டி.பி.-43ஐ நேரடியாக ஒளிரவைத்து மருத்துவமனையில் அன்றாடம் பயன்படுத்தத்தக்க தடயப்பொருள், கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் படமெடுக்கும் பெட் ஸ்கேனுக்கு இன்னும் கைவரவில்லை.

செல்கள் மடிவதற்கு முன் அவற்றின் நடத்தை மாறுமல்லவா? பெட் ஸ்கேனும் செயல்நிலை எம்.ஆர்.ஐ.யும் அதைத் தேடுகின்றன. 1993இல் லண்டனின் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக் குழு, நோயாளிகளைக் கையால் ஒரு நெம்புகோலை அசைக்கச் சொல்லி மூளையின் ரத்த ஓட்டத்தைப் படமெடுத்தது. கைக்குரிய பகுதி மட்டுமல்லாமல், அதற்குக் கீழே முகத்துக்குரிய இடம் வரை புறணி விழித்துக்கொண்டது. மூளை குறையை ஈடுசெய்ய அண்டைப் பகுதிகளைத் துணைக்கு அழைக்கிறது என்று அப்போது விளங்கிக்கொண்டார்கள். 2011இல் ஆக்ஸ்போர்ட் குழு வேறொரு கோணத்தைத் திறந்தது. இழைகள் சிதைந்த அதே வலையமைப்பில் பகுதிகளுக்கிடையிலான செயல் இணைப்பு குறையவில்லை, கூடியிருந்தது. நோய் வேகமாக முற்றுவோரிடம் அது இன்னும் கூடுதலாக இருந்தது. இது ஈடுசெய்தல் என்றால் நோய் மெதுவாக முற்றுவோரிடம் அல்லவா கூடியிருக்க வேண்டும்? அடக்கும் நரம்பணுக்கள் இழக்கப்பட்டு, கட்டுப்பாடற்ற கிளர்ச்சி பரவுகிறது என்ற விளக்கத்துக்கு இது வலு சேர்த்தது. மூளையின் முதன்மை அடக்கு வேதிப்பொருளான காபா இயக்கப் புறணியில் குறைந்திருப்பதை நிறமாலை எம்.ஆர்.ஐ. காட்டியது, அதன் ஏற்பிகள் குறைந்திருப்பதைப் பெட் ஸ்கேன் காட்டியது.

படம் அல்லாத ஒரு முறையும் இங்கே சேர்கிறது. தலைக்கு மேல் காந்தத் துடிப்பு தந்து புறணியின் கிளர்ச்சியை அளக்கும் முறையைச் சிட்னி ஆய்வாளர்கள் கூர்மையாக்கினர். ஏ.எல்.எஸ். நோயை உண்டாக்கக்கூடிய எஸ்.ஓ.டி.1 மரபணுப் பிழையோடு பிறந்து இன்னும் நோய் வராதிருந்த சிலரைத் தொடர்ந்து கவனித்தபோது, அறிகுறி தலைகாட்டுவதற்கு முன்பே புறணி மிகைக் கிளர்ச்சி அடைந்ததை 2008இல் அறிவித்தார்கள். எண்ணிக்கையில் மிகச் சிலர்தான். என்றாலும் நூறாண்டுப் பழைய வழக்கொன்றில் இது முக்கியமான சாட்சி. மேல் அடுக்குதான் முதலில் கெட்டுக் கீழ் அடுக்கை இழுத்துச் செல்கிறது என்பது ஷார்கோவின் எண்ணம். இரண்டும் தனித்தனியே கெடுகின்றன என்றார் லண்டனின் நரம்பியல் மருத்துவர் கோவர்ஸ். 1992இல் வான்கூவரின் ஆண்ட்ரூ ஐசனும் கூட்டாளிகளும் புறணியே தொடக்கப்புள்ளி என்ற கருத்தை மீண்டும் எழுப்பினார்கள். பல நோயாளிகளில் கட்டைவிரல் பக்கத்துத் தசை சூம்பியும் சுண்டுவிரல் பக்கத்துத் தசை தப்பியும் இருப்பதற்கு, கட்டைவிரலுக்குப் புறணியிலிருந்து வரும் நேரடி இணைப்பு மிகுதி என்பதை அவர்கள் தரப்பினர் காரணமாகச் சொல்கிறார்கள். படங்கள் இவர்கள் பக்கம் சாய்கின்றன என்பது என் கணிப்பு. தீர்ப்பு வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்: படம் எடுக்கப்படும் நேரத்தில் பெரும்பாலான நோயாளிகளுக்கு இரண்டு அடுக்குகளும் கெட்டிருக்கின்றன. எது முந்தியது என்று அந்தப் படம் சொல்லாது.

அழற்சியைக் காட்டும் பெட் ஆய்வுகளில் 2015இல் பாஸ்டன் குழு வெளியிட்ட படங்கள் பலர் மனத்தில் பதிந்தவை: கிளர்ந்த காவல் செல்கள் இயக்கப் புறணியின் வடிவத்தையே பின்தொடர்ந்து ஒளிர்ந்தன, விறைப்பு மிகுந்தவரிடம் ஒளியும் மிகுந்தது. சர்க்கரை எரிப்பைக் காட்டும் பெட் முறையில் இத்தாலியக் குழு 2014இல் 195 நோயாளிகளை ஆராய்ந்து, நலமானவர்களிடமிருந்து அவர்களை மிகத் துல்லியமாகப் பிரிக்க முடிந்ததாகக் கூறியது. இங்கும் ஒப்பீடு நலமானவர்களோடுதான்.

இது அசைவின் நோய் மட்டுமே என்ற பழைய நம்பிக்கையைத் தகர்த்ததிலும் படங்களுக்குப் பங்கு உண்டு. நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்குச் சிந்தனையிலோ நடத்தையிலோ ஓரளவு மாற்றம் வருகிறது. பத்தில் ஒருவருக்கு மேல் முழு மறதிநோயாகவே, நெற்றிப்பொட்டு வகையாக, முற்றுகிறது. அவர்களின் முன்மூளை மடல்கள் சுருங்கியிருப்பதைப் படங்கள் காட்டின. இந்நோய்க்குக் காரணமாக 2011இல் கண்டறியப்பட்ட சி9ஆர்ப்72 மரபணுப் பிழை உள்ளோரில், மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸின் சுருக்கம் தனி அடையாளமாக நிற்கிறது. அந்தப் பிழையைச் சுமந்து, நோய் அறிகுறி இல்லாமல் வாழும் 40 வயதுக்கும் குறைந்தவர்களிடமே மூளை அமைப்பில் மாற்றம் இருப்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2018இல் காட்டினர். நோயின் தொடக்கமா அது, அல்லது கருவிலேயே அமைந்துவிட்ட வேறுபாடா என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது. அந்த இளைஞர்களிடம் படத்தைக் காட்டி என்ன சொல்வது என்பது அதைவிடக் கனமான கேள்வி.

இந்த முடிவுகளில் பெரும்பங்கு ஐரோப்பிய, வட அமெரிக்க நோயாளிகளிடமிருந்து வந்தவை என்பதை நாம் மறக்கக் கூடாது. சி9ஆர்ப்72 பிழை ஆசியாவில் அரிது. பெரிதும் தென்னிந்தியாவில் காணப்படும் ஒரு வகை 1970இல் சென்னை மருத்துவர்களால் விவரிக்கப்பட்டு, மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய் என்றே உலக நூல்களில் இடம்பெற்றது. இளம் வயதில் தொடங்கும். கைகால் மெலிவோடு முகத் தசைத் தளர்ச்சியும் காது கேளாமையும் சேரும். ஆண்டுக்கணக்கில் மெதுவாக நகரும். பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் இந்நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறது. ஏ.எல்.எஸ். ஒரு சில ஆண்டுகளிலேயே கொல்லும்போது, அதே இரு அடுக்குகளைத் தாக்கும் இந்நோய் ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது? இரண்டையும் ஒரே இயந்திரத்தில், ஒரே முறையில் படமெடுத்து ஒப்பிடும் பெரிய ஆய்வைச் செய்ய உலகிலேயே பொருத்தமான இடம் தென்னிந்தியாதான்.

படத்தைக் கொண்டு நோயின் போக்கைக் கணிக்கும் முயற்சிகளும் உண்டு. உத்ரெக்ட் குழு 2017இல் 135 நோயாளிகளின் தரவைக் கணினியின் ஆழ்கற்றலுக்குத் தந்து, ஆயுள் குறைவா, நடுத்தரமா, நீண்டதா என்று கணிக்கவைத்தது. படத்தை மட்டும் தந்தபோது கிடைத்த துல்லியம், மருத்துவக் குறிப்புகளை மட்டும் தந்தபோது கிடைத்ததைவிடக் குறைவு. இரண்டையும் சேர்த்தபோது 84 விழுக்காட்டை எட்டியது. நம்பிக்கை தரும் எண்தான், ஆனால் சிறிய கூட்டம். இதற்கு மேல் நடைமுறைத் தடை ஒன்று இருக்கிறது. மூச்சுத் தசை தளர்ந்தவரால் குழாய்க்குள் அரை மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க முடியாது. வாயில் ஊறும் எச்சிலை விழுங்க முடியாமல் திணறுவார். ஆகவே மறுபடி மறுபடி படமெடுக்க வந்தவர்கள், நோய் மெதுவாக முற்றியவர்கள். காலப்போக்கை ஆராயும் ஆய்வுகள் பலவும் இப்படித் தப்பிப் பிழைத்தவர்களின் கதையைத்தான் சொல்கின்றன. 2010இல் ஆக்ஸ்போர்டில் கூடிய பட ஆய்வாளர்கள் பொதுவான முறைகளை வகுத்துத் தரவைப் பகிரத் தொடங்கியது சிறிய கூட்டங்களின் குறையைச் சமாளிக்கத்தான். இதற்கிடையே ரத்தப் பரிசோதனை முந்திக்கொண்டது. எஸ்.ஓ.டி.1 பிழை உள்ளோருக்கான டோஃபர்சன் மருந்துக்கு 2023இல் அமெரிக்கா விரைவு அனுமதி தந்தபோது, ரத்தத்தில் நரம்பிழைப் புரதமான நியூரோஃபிலமென்ட்டின் அளவு குறைந்ததையே ஆதாரமாக ஏற்றது. நரம்பிழைகள் எவ்வளவு வேகமாகச் சிதைகின்றன என்பதை ரத்தம் சொல்லும், எந்த இடத்தில் என்பதைச் சொல்லாது. படத்தின் இடம் அங்கேதான் மிஞ்சியிருக்கிறது.

குடும்பத்தாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூளை எம்.ஆர்.ஐ. இயல்பு என்று வந்தால் இந்த நோய் இல்லை என்று பொருளாகாது. கழுத்துத் தண்டுவட எம்.ஆர்.ஐ.யை ஒருமுறை ஒழுங்காக எடுப்பது இன்றியமையாதது, ஏனென்றால் அறுவையால் சரிசெய்யக்கூடிய நசுக்கம் தப்பிவிடக் கூடாது. கை மட்டும் சூம்பும் இளைஞர்களுக்குக் கழுத்தைக் குனிந்த நிலையிலும் படமெடுக்கச் சொல்லுங்கள். இதே தோற்றம் தரும் ஹிராயாமா நோய் அதில்தான் புலப்படும். நோய் உறுதியான பிறகு, எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்ப்பதற்காக மூளை ஸ்கேனைத் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். இன்றைய நிலையில் அந்தக் கேள்விக்கு அது விடை தராது. அந்தப் பணம் மூச்சுக் கருவிக்கும் சத்துணவுக்கும் உதவட்டும்.

மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கருங்கோட்டின் பொருளைச் சொன்னது காந்தம் மட்டும் அல்ல. இறந்த நோயாளிகளின் மூளைத் திசுவும்தான். நிம்ஹான்ஸில் 1995 முதல் மனித மூளை வங்கி இயங்கிவருகிறது. குடும்பத்தின் சம்மதத்தோடு அங்கே மூளை தானம் செய்யலாம் என்ற செய்தியை, இந்த நோயைக் கையாளும் ஒவ்வொரு நரம்பியல் மருத்துவரும் உரிய நேரத்தில், உரிய சொற்களில் நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டும்.